கைமாறாத குவளை

அத்தியாயம் பதினான்கு

இளவேனிலின் வயிற்றில் வளர்ந்த கரு கலைந்துவிட்டது என்பதை அவள் கணவன் ரகு அறிவான். ரகுவின் தாய் காந்தா அறியாள். சென்ற வாரம் கணவனும் மனைவியும் மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கி, வாசலில் காத்திருந்த காந்தாவிடம், "டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஒற்றை வாக்கியம் என்ன பாடுபடுத்தும் என்பதை இருவருமே அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

காந்தா மருமகளின் கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டாள். துடைப்பத்தையும் வாளியையும் அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாள். மாதுளம்பழத்தை உரித்து, ஒரு கிண்ணத்தில் முத்துகளை நிரப்பி, பக்கத்தில் அமர்ந்து ஊட்டினாள். ஐந்தாண்டுகள் காத்திருந்த வீட்டில் அவள் அப்படிச் செய்ததில் வியப்பில்லை. இளவேனில் கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். அவளுக்குப் பால் கொடுத்தார்கள், குடித்தாள். வயிற்றின்மேல் கையை வைத்து, "என்னடா, தூங்கறியா?" என்று காந்தா கேட்டபோது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரகு இதை மறைத்ததற்குக் காரணம் ஒன்றிருந்தது. அவனுடைய தங்கை அனுஷா வேலூரில் ஏழு மாதக் கர்ப்பிணி. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு, அதாவது ஈஜிபுராவில் இவர்கள் குடியிருக்கும் இந்த மாடி வீட்டுக்கு, அவளை அழைத்து வர வேண்டும். அனுஷாவின் மாமியாரோ பல்லி சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடுபவர். கரு தங்காத வீட்டுக்குச் சூல்கொண்டவளை அனுப்பவே மாட்டார். காந்தாவுக்குத் தெரிந்தால் செய்தி எப்படியும் வேலூருக்கு எட்டிவிடும் என்று ரகு அஞ்சினான்.

இப்படி ஒரு விதியை எந்த நூலில் படித்தீர்கள் என்று அந்த அம்மையாரைக் கேட்டவர் எவருமில்லை. கேட்டிருக்க வேண்டிய பிள்ளைகள் பட்டம் பெற்றவர்கள், கைநிறையச் சம்பாதிப்பவர்கள். அவர்கள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். படிப்பு ஒருவனுக்குத் துணிவைத் தராவிட்டால் வேறு எதைத் தந்து என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரகு அலுவலகத்துக்குக் கிளம்பினான். அடுத்த சனவரியில் இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது கணிப்பொறிகளெல்லாம் தேதி தெரியாமல் தடுமாறும் என்ற அச்சத்தில், அவனுடைய நிறுவனம் விடுமுறை நாள்களையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே இளா" என்று அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். "அனு இங்க வந்து சேரட்டும். அப்புறம் நானே அம்மாகிட்டச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்வீங்க?"

அவன் குனிந்து காலுறையை மாட்டினான்.

"இப்பதான் போச்சுன்னு சொல்லணும். இல்லையா?" என்றாள் இளவேனில். "அப்ப நான் இன்னொரு தரம் அதைப் பறிகொடுக்கணும். எல்லாரும் பார்க்க, புதுசா அழணும்."

ரகு எழுந்து பையை எடுத்துக்கொண்டான். அரை நாளில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அன்றைய தினம் காந்தாவுக்கு மிக முக்கியமான நாள். பிள்ளையார் கோயிலை ஒட்டிய பஜனை மண்டபத்தில், மாதத்தில் இரண்டு ஞாயிறு, அக்கம்பக்கத்தார் கூடி மூலிகைகளைப் பற்றிக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தெரு முழுவதும் காய்ச்சலில் படுத்த ஒரு மழைக்காலத்தில், "உங்க ஊர்ல இதுக்கு என்ன செய்வீங்க?" என்று ஒருவரையொருவர் கேட்கப்போய்த் தொடங்கிய கூட்டம் அது. ஆசிரியர் என்று எவரும் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒருவர் தாம் அறிந்த செடியைப் பறித்து வந்து, கஷாயமாகவோ துவையலாகவோ செய்து காட்ட வேண்டும். "இது நோயைத் தீர்க்கும்" என்று சொல்லக்கூடாது; "என் வீட்டில் இப்படிச் செய்வோம்" என்றுதான் சொல்ல வேண்டும். சளி, இருமலுக்கு மேற்பட்ட எதுவானாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். இந்த நிபந்தனைகளை விதித்தவர் மர்பி டவுனிலிருந்து பஸ் பிடித்து வரும் மௌரீன். மருத்துவமனையில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

மௌரீன் கொண்டுவந்த வழக்கம் இன்னொன்றும் உண்டு. கஷாயம் தயாரானதும் ஒரே பித்தளைக் குவளையில் ஊற்றி வட்டமாகச் சுற்றிவிடுவார்கள். எல்லோரும் அண்ணாந்து ஒரு வாய் குடிக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் மட்டும் குடிக்காமல், முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம் தந்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது, கேட்டதும் இல்லை. தன்னிடம் வந்த குவளையை ஒரு பெண் குடிக்காமல் நீட்டினாள் என்றால், மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் செய்தி புரிந்துவிடும். அடுத்த வீட்டுக்குத் தெரியும் முன்பே இந்தக் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும் என்று பெண்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இரண்டு மாதங்களுக்குமுன் இளவேனில் அப்படித்தான் குவளையைக் கைமாற்றினாள். அன்று காந்தா அழுத ஆனந்தக் கண்ணீரை இந்தத் தொடரின் எட்டாம் அத்தியாயத்தில் கண்டோம்.

கூட்டத்தில் சேர்ந்து நெடுநாளாகியும் காந்தா எழுந்து நின்று பேசியதே இல்லை. இன்று அவள் முறை. முந்திய நாள் கோரமங்கலாவில் இன்னும் வீடு எழும்பாத மனைகளில் அலைந்து, இருமல் கஷாயத்துக்காகக் கண்டங்கத்திரிச் செடிகளைப் பறித்து வந்திருந்தாள். இலையிலும் முள், தண்டிலும் முள் உள்ள செடி அது. அவளுடைய விரல்களெல்லாம் கீறியிருந்தன. விடியற்காலையிலிருந்து அடுக்களையில் தனக்குத் தானே பேசி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தான் வீட்டிலேயே இருப்பதாக இளவேனில் சொல்லிப் பார்த்தாள். காந்தா விடவில்லை.

"ரெண்டு தெருதான். மெதுவா நடந்து வா. நீ எதிர்ல உக்காந்திருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்."

கீறல் விழுந்த அந்தக் கையைப் பார்த்தபின் மறுக்க இளவேனிலால் முடியவில்லை. குவளை வந்தால் வழக்கம்போலக் கைமாற்றிவிடலாம் என்று எண்ணிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டரான ஆதிகேசவன் முதல் ஆளாக வந்து, செடியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டிருந்தார்.

"காந்தாக்கா, இருமல் போகறதுக்குள்ள இந்த முள்ளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிடுங்க" என்றார்.

"முள்ளை எடுத்துடலாம் அண்ணே. உங்க வாய்க்குத்தான் மருந்து கெடைக்கல" என்றாள் காந்தா.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளுடைய நடுக்கம் போய்விட்டது. செடியை உயர்த்திக் காட்டினாள். ஊதாப் பூவையும், பழுத்தால் மஞ்சளாகும் காயையும் காட்டினாள். சுத்தம் செய்து நிழலில் உலர்த்துவதையும், சுக்கும் திப்பிலியும் தட்டிப் போட்டு நான்கில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சுவதையும் வரிசை தப்பாமல் விளக்கினாள். மௌரீன் கேட்ட சந்தேகத்துக்குத் தடுமாறாமல் விடை சொன்னாள். மருமகளைப் பார்த்தே பேசினாள். இளவேனிலும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னர்க் குவளை புறப்பட்டது. ஆதிகேசவன் குடித்துவிட்டு, நெடுநேரம் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் சிரிப்பு எழுந்தது. கசப்பில் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கிற்று. இளவேனிலுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

அப்போது காந்தா, தான் ஒத்திகை பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"இந்தச் செடியை ஒரு தொட்டியில நட்டு வெச்சிருக்கேன். அடுத்த மழைக்கு எம் பேரப்பிள்ளைக்கு இருமல் வரும் இல்ல? அப்ப ஊரெல்லாம் தேடி அலைய முடியுமா? அதான் இப்பவே வெச்சிட்டேன்."

குவளை இளவேனிலின் கைக்கு வந்தது.

அவளுக்கு இடப்புறம் அமர்ந்திருந்த மௌரீன், வழக்கத்தை அறிந்தவராதலால், அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டார். இளவேனில் முகர்ந்து பார்த்தாள். திப்பிலியின் காரம் மூக்கில் ஏறிற்று. தொட்டியில் ஒரு செடி யாருக்காகவோ வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் அவளை விட்டு நகரவில்லை. அந்தச் செடிக்கு நாளையும் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்கு மறுநாளும் ஊற்றுவார்கள்.

அவள் தலையை அண்ணாந்தாள். ஒரு வாய் மட்டும் அல்ல. குவளையில் மீதமிருந்தது முழுவதையும் குடித்தாள்.

மௌரீனின் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அது மெல்ல இறங்கி, அவருடைய மடியிலேயே அடங்கிற்று. ஆதிகேசவன் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதானே அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

காந்தா நின்றுகொண்டிருந்தாள். காலியான குவளையைப் பார்த்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பின்னர், யாருக்கும் விளங்காத ஒரு பிடிவாதத்தோடு, எஞ்சிய பகுதியைச் சொல்லத் தொடங்கினாள். பழத்தைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்வலி குறையும் என்று தன் வீட்டில் செய்வார்கள் என்றாள். வேரை எப்போது தோண்ட வேண்டும் என்றாள். குரல் ஒரே சீராக இருந்தது. கண்ணிலிருந்து வடிந்த நீரை மட்டும் அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

குடிக்காதவர்களுக்காக மறுபடி குவளையை நிரப்ப யாரும் எழவில்லை. மௌரீன்தான் இறுதியில், "போதும் காந்தா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

இரண்டு தெருக்களையும் அவர்கள் கடந்தார்கள். வீட்டுப் படியேறிக் கதவைச் சாத்திய பிறகே காந்தா வாய் திறந்தாள்.

"எப்ப?"

"புதன்கிழமை, அத்தை."

"ரெஸ்ட்னு சொன்னீங்களே, அன்னைக்கேவா?"

"ஆமா."

"அன்னைக்கு ராத்திரி நான் மாதுளை உரிச்சுக் குடுத்தேனே. எப்படிம்மா சாப்பிட்டே அதை?"

"ஒவ்வொரு முத்தா எடுத்துக் குடுத்தீங்க" என்றாள் இளவேனில். "வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

காந்தா தரையில் அமர்ந்துவிட்டாள். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்த இளவேனிலுக்கு அவள் சொன்ன அடுத்த சொற்கள் தாங்க முடியாதவையாக இருந்தன.

"நான் ஊட்டினதெல்லாம் அதுக்குத்தானே. உனக்குன்னு நான் ஒண்ணுமே செய்யலையே. உடம்பு ரணமா இருந்திருக்குமே. ஒரு வெந்நீர் போட்டுக் குடுத்திருப்பேன். இடுப்புக்கு ஒத்தடம் வெச்சிருப்பேன். பக்கத்துல படுத்திருப்பேன். எல்லாத்தையும் தட்டிப் பறிச்சிட்டீங்களே."

இருவரும் சேர்ந்து அழுதார்கள். இளவேனில் மனம்விட்டு அழுதது அதுதான் முதல் முறை. மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரி பார்ப்பாள் என்று அழவில்லை. வீட்டில் மாமியார் பார்ப்பாள் என்று அழவில்லை. துக்கப்படுவதற்கும் ஒருத்திக்கு அனுமதி வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நம்மை நாகரிகம் உடையவர்கள் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

நண்பகலில் ரகு வந்தபோது, தாயின் முகத்தைக் கண்டவுடனேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அனுஷாவைப் பற்றியும் வெள்ளிக்கிழமையைப் பற்றியும் தயங்கித் தயங்கி விளக்கினான். காந்தா முழுவதையும் கேட்டாள். பெற்ற மகனைத் திட்ட வேண்டும் என்றுதான் அவள் தலை நிமிர்ந்தாள். ஆனால் அனுஷா என்ற பெயரைக் கேட்டதும் அவளுடைய நெஞ்சு இரண்டாகப் பிளந்ததைப் பார்க்க முடிந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம். அந்த வீட்டில் அவள் இருமினால்கூடச் சகுனம் பார்ப்பார்கள். அங்கேயே பிரசவம் என்றால் அவளுக்கு யார் துணை?

"கூட்டத்துல இருந்தவங்க வேலூருக்குப் போய்ச் சொல்லப் போறதில்ல" என்றான் ரகு.

காந்தா அவனுக்கு விடை சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அந்த மௌனத்தை இளவேனில் கவனித்தாள்.

அந்த நேரத்தில், போன் வந்திருப்பதாக வீட்டுச் சொந்தக்காரியான சாவித்திரம்மா கீழேயிருந்து கன்னடத்தில் கூப்பிடுவது கேட்டது.

"காந்தாம்மா, போன் பந்திதே. வேலூர்."

வீட்டில் தொலைபேசி இல்லாததால் வெளியூர் அழைப்பெல்லாம் கீழ்வீட்டுக்குத்தான் வரும். காந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். இளவேனிலும் பின்னால் இறங்கினாள். ரகு படியிலேயே நின்றுவிட்டான். கூடத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த சாவித்திரம்மா, வந்தவர்களின் கண்களைப் பார்த்துவிட்டு, முறத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"சொல்லும்மா அனு" என்றாள் காந்தா. "நல்லா இருக்கோம்... அண்ணியா? நல்லா இருக்கா. படுத்திருக்கா."

கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, தான் படுத்திருப்பதாகச் சொல்லப்படுவதை இளவேனில் கேட்டாள்.

மறுமுனையில் அனுஷா நீளமாக ஏதோ பேசினாள். காந்தாவின் முகம் வெளிறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவள் பேசும் குழலைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்கு வளையல் கடைக்குப் போறாங்களாம். அவ மாமியார் உனக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருக்காங்களாம். வெள்ளிக்கிழமை உன்னையும் பக்கத்துல உக்கார வெச்சு..." அவளால் முடிக்க இயலவில்லை. "கை அளவு கேக்கறா. அளவை மட்டும் சொல்லிடும்மா. வேற ஒண்ணும் பேச வேண்டாம். அவ இங்க வந்து சேர்ற வரைக்கும்தான்."

காலையில் ரகு கேட்டதையே இப்போது காந்தா கேட்டாள். காலையில் கேட்டவனுக்கு அவளுடைய வலி தெரிந்திருக்கவில்லை என்றாவது எண்ணிக்கொள்ளலாம். சற்றுமுன் கட்டிப் பிடித்து அழுதவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே கேட்டாள், கேட்க வேண்டியிருந்ததற்காகக் கூசிக்கொண்டே கேட்டாள்.

இளவேனில் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணி, தூங்கிட்டு இருந்தீங்களா? எழுப்பிட்டேனா?" அனுஷாவின் குரலில் சிரிப்பு இருந்தது.

"இல்ல அனு. நான் சொல்றதைக் கேளு." இளவேனில் கண்களை மூடிக்கொள்ளவில்லை. எதிரில் நின்ற காந்தாவைப் பார்த்தபடியே சொன்னாள். "பாப்பா போயிடுச்சு. புதன்கிழமையே போயிடுச்சு. எனக்கு வளையல் எடுக்காதே."

காந்தா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் ஓசை அற்றுப்போயிற்று. பிறகு, ரிசீவருக்குச் சற்றுத் தொலைவிலிருந்து ஒரு பெண்குரல் அதட்டலாகக் கேட்டது.

"என்னவாம்? அளவு சொன்னாளா இல்லையா?"

அனுஷா பேசினாள். இதுவரை பேசியதைவிட உரக்கப் பேசினாள்.

"சரிங்க அண்ணி. ரெண்டு நாலு அளவுதானே? சரி. பச்சையா? பச்சையே எடுத்துடறேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அவளுடைய மூச்சு சிக்கிச் சிக்கி வந்தது. "ரெண்டு டஜன் எடுக்கறேன் அண்ணி. வெள்ளிக்கிழமை நீங்க வந்தே ஆகணும். நீங்க வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இளவேனில் ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றாள். படியில் நின்ற ரகுவின் காலடி ஓசை இரண்டு படி இறங்கி நின்றது.

"என்னம்மா சொன்னா?" என்று காந்தா கேட்டாள்.

"எனக்குப் பச்சை வளையல் எடுக்கறாளாம், அத்தை."